எந்தப் பக்கம் கரை இல்லை

படகின் முன்முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவரின் முகம் தெரியவில்லை. அந்தப் படகின் நீளம் நம் கோவில் மண்டபத்தின் அகலம்கூட இராது. அவ்வளவு மூடுபனி. எங்கோ பனிக்குள், பாறையில் அலை மோதி உடையும் சத்தம் கேட்டது. அது அங்கே கேட்கக் கூடாத சத்தம். எங்கள் கணக்குப்படி கரை வெகு தூரத்தில் இருக்கவேண்டும்.

வரைபடக் கருவியின் திரை கறுத்துப்போய்க் கிடந்தது. கைத்தொலைபேசி இரண்டில் ஒன்று கடலுக்குள், மற்றது உயிரில்லாமல் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதை நிறுத்தினால் மறுபடி கிளப்ப மின்சாரம் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது.

வியாழக்கிழமைச் செபக் கூட்டத்தில் என் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். கடைசி வரிசையில் இருப்பவள். கையை உயர்த்தி அழாதவள். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். நிருபர் அனுப்பும் செய்தியில் 'அற்புதம்' என்ற சொல் வந்தால் அதை வெட்டிவிட்டு, 'என்று அவர் கூறினார்' என்று சேர்ப்பது என் வேலை. பிறர் சாட்சி சொல்லும்போதும் மனதுக்குள் அதைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்று என் சாட்சியை எழுதுகிறேன். இதில் யாரும் எதையும் 'கூறவில்லை'. நடந்தது. நான் அங்கே நின்றேன்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவர் செபமாலையை உங்களில் பலர் 'பஸ் அங்கிள்' என்றுதான் அறிவீர்கள். பிளாக்டவுன் பக்கத்து வீதிகளில் அரசாங்க பஸ் ஓட்டி, அண்மையில் ஓய்வு பெற்றவர். மன்னாரில் பிறந்தவர். தகப்பன் கடல் தொழில். சண்டைக் காலத்தில் ஓர் இரவு சின்னப் படகில் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து இந்த நாட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் மணலில் இருப்பாரே தவிர, தண்ணீரில் கால் வைத்ததை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற கிழமையே சொன்னார்: "இஞ்சேரும் றெஜி, ஒரு படகு வாங்குவம்."

நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு?"

"கடலை நான் தப்பி ஓடுறதுக்கு மட்டும்தான் பாவிச்சனான். ஒருக்கா சும்மா போய்ப் பாக்கவேணும். ஒருத்தரும் துரத்தாமல்."

நான் மறுபடி கத்தியை எடுத்தேன்.

மெல்பேர்னில் இருக்கும் மகள் அவ்வளவு லேசில் விடவில்லை. "அம்மா, உங்கட வயசுக்காரர் பெரிய குறூஸ் கப்பல்லை போவினம். பபே சாப்பாடு, டான்ஸ் எல்லாம் இருக்கும். நீங்கள் ரெண்டு பேரும் ஏன் என்ரை பாத்ரூமைவிடச் சின்னப் படகிலை போறியள்?"

"உன்ரை பாத்ரூம் அவ்வளவு பெருசோ?" என்றார் இவர். மகள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

இருவரும் படகு ஓட்டும் வகுப்புக்குப் போனோம். வகுப்பெடுத்தவர் ஓர் ஓய்வு பெற்ற மாலுமி, வெள்ளைக்காரர். அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூடுபனியில் உங்கள் உணர்வை நம்பாதீர்கள், திசைகாட்டியை நம்புங்கள். நேராகப் போகிறோம் என்று நினைத்து வட்டமடித்துச் செத்தவர்கள் நிறையப் பேர் என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன். இவர் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலை மனதில் வைத்திருங்கள்.

படகு பழையது. ஒரு பாய்மரம், சின்ன டீசல் எஞ்சின், குனிந்து நுழையும் ஓர் அறை. அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் நிற்கலாம். நம் பங்குச் சுவாமி பிட்வாட்டர் படகுத்துறைக்கு வந்து மந்திரித்து ஆசீர்வதித்தார். செபக் கூட்டமே வந்தது. ஹரிஸ் பார்க்கில் வாங்கிய லட்டுப் பெட்டியோடு ஸ்ட்ராத்ஃபீல்ட் புளோறா அன்ரி வந்தார். ஏறும்போது படகு ஆட, "ஆண்டவரே, இது என்ன தொட்டிலோ!" என்று கத்தியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அன்றைக்குத்தான் மடுமாதாவும் படகுக்கு வந்தார். எங்கள் காரின் முன்தட்டில் வருடக்கணக்காக நின்ற அதே சின்னச் சுரூபம், மன்னார் மடுக் கோவில் மாதாவின் சிலை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றியவர், என் தாய் இறந்த செய்தி வந்த நாளில் விமான நிலையம் வரை எங்களோடு வந்தவர். "மாதாவைப் படகின்ரை முன்முனையிலை வைப்பம். எங்கட அப்பு அங்கைதான் வைக்கிறவர்," என்றார் இவர். "நனைஞ்சு போவா," என்று நான் மறுத்து, அறைக்குள் இரும்பு அடுப்பின் சட்டத்தில் நிறுத்தினேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டார். எந்த அலைக்கும் அசையவில்லை. எனக்கு மகிழ்ச்சி.

கடந்த குளிர்காலத்தில், மடுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பாக, வடக்கே புறப்பட்டோம். பிட்வாட்டரில் இருந்து கரையோரமாக நியூகாசில், பிறகு போர்ட் ஸ்டீபன்ஸ், கடவுள் விட்டால் அதற்கும் மேலே.

அந்த முதல் நாட்களை எப்படிச் சொல்வது! நான் கடலுக்குப் பயந்தவள். என்னாலேயே நம்ப முடியவில்லை. பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து, ஓர் உயிருள்ள பிராணிபோல முன்னே பாயும். எஞ்சின் சத்தம் இல்லை, தண்ணீர் கிழிபடும் சத்தம் மட்டும். இவர் பாட்டே பாடாதவர், பாடினார். சுருதி மோசம். கரையில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் மணலும், அதற்கு மேலே பச்சையும், மேலே வீடுகளும் நகர்ந்துகொண்டே இருந்தன. "இத்தனை வருஷம் மோட்டர்வேயாலை போய் வந்தம். இதைக் காணேல்லையே," என்றேன். "பஸ்ஸிலை வந்திருந்தாக் காட்டியிருப்பன்," என்றார்.

இரண்டாம் இரவை ரெறிகல் குடாவில் நங்கூரம் போட்டுக் கழித்தோம். கரைக்குப் போய் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தபோது, ரப்பர் படகில் இருந்து ஏறும் அவசரத்தில் இவர் தன் கைத்தொலைபேசியைக் கடலுக்குக் கொடுத்தார். "ஒண்டு போனால் என்ன, உம்மடை இருக்குத்தானே," என்றார். இருந்தது.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபின் புறப்பட்டோம். காற்று இல்லை, எஞ்சினில் போனோம். கடல் கண்ணாடி. வலப்புறம் இருந்து நீண்ட பெருஅலை ஒன்று மெதுவாக எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது. அப்போது திமிங்கிலங்கள் வந்தன.

வடக்கே போகும் கூட்டம். முதலில் ஒரு பெருமூச்சு. பஸ் கதவு திறப்பதுபோல் என்று இவர் சொன்னார், சரியாகவே சொன்னார். பிறகு கறுத்த முதுகு. பிறகு, அறிவிப்பு இல்லாமல், ஒரு முழுத் திமிங்கிலம் தண்ணீரில் இருந்து எழும்பி, காற்றில் புரண்டு, விழுந்தது. நான் குழந்தைபோல் கூவினேன். கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன். பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தை நீங்கள் இன்றும் என்னிடம் பார்க்கலாம். திமிங்கிலத்தைவிட என் கூச்சல்தான் அதிகம். சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தபோதுகூட நான் கவலைப்படவில்லை. அறைக்குள் கொண்டுபோய்ச் செருகினேன்.

சார்ஜ் ஏறவில்லை.

வெளியே வந்து சொன்னேன். இவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். மின்சாரம் உண்டாக்கும் பகுதி வேலை செய்யவில்லை. நேற்றில் இருந்தே மின்கலம் நிரம்பாமல் இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைபடக் கருவி ஒருமுறை சிமிட்டியது. மறுமுறை சிமிட்டி, அணைந்தது.

"பரவாயில்லை," என்றார். "கரை தெரியுது. பாத்துப் பாத்துப் போவம். எஞ்சினை மட்டும் நிப்பாட்டக் கூடாது."

கரை தெரிந்தது. பிறகு பாதி தெரிந்தது. வெள்ளைச் சுவர் ஒன்று கடலில் இருந்து எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அழகாகத்தான் இருந்தது. அதன் ஓரம் படகைத் தொட்டதும் வெயில் அணைந்தது. குளிர்ந்தது. கரை இல்லை. வானம் இல்லை.

எங்களுக்கு முன்னால் இருந்தது நோரா முனை. வெளிச்சவீடு இருக்கும் இடம். அதைச் சுற்றிக் கடலுக்குள் பாறைகள் நீண்டு கிடக்கின்றன. வகுப்பில் வரைபடத்தில் நான் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்ட இடம். அதை விட்டு வெளியே விலகிப் போகவேண்டும். ஆனால் மிக வெளியே போகவும் முடியாது. நியூகாசிலுக்கு நிலக்கரி ஏற்ற வரும் பெரிய கப்பல்கள் அந்தப் பக்கம் போய் வரும். மூடுபனியில் அவர்களுக்கு எங்களைத் தெரியாது.

கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று இருந்தது. கடல் மீட்புத் தொண்டர்களைக் கூப்பிட்டேன். ஒரு பெண்குரல் கரகரத்து வந்தது. நிதானமான குரல். எங்கே நிற்கிறீர்கள் என்றார். தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. திசைகாட்டி வேலை செய்கிறதா என்றார். நான் அறையின் வெளிச்சுவரில் பதித்திருந்த திசைகாட்டியைப் பார்த்தேன். அதற்கு மின்சாரம் தேவையில்லை. வேலை செய்கிறது என்றேன். அப்படியானால் வடகிழக்காகப் பிடித்து மெதுவாக வாருங்கள், பனி விலகும், இடையிடையே கூப்பிடுங்கள் என்றார்.

இவர் சுக்கானை அசைத்து, திசைகாட்டியில் வடகிழக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அறைக்குள் ஓடினேன். மாதாவை அடுப்புச் சட்டத்தில் இருந்து பிடுங்கி எடுத்தேன். வெளியே கொண்டுவந்து, திசைகாட்டிக்குப் பக்கத்தில், அதைத் தொட்டாற்போல் இருந்த விளிம்பில் நிறுத்தினேன். அங்கே ஒட்டவில்லை. பசை ஒட்டும் கறுப்பு ரேப்பால் சுற்றி இறுக்கினேன். வழிகாட்டும் இடத்தில் வழிகாட்டுகிறவர் நிற்கட்டும் என்று நினைத்தேன். காரில் அப்படித்தானே நின்றார்? எங்கள் வீட்டில் எந்த வாகனத்திலும் அப்படித்தானே?

இவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "பஸ்ஸிலை வைக்க விடமாட்டாங்கள். இஞ்சை ஆர் கேக்கிறது," என்றார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. பிறகு இவர் திசைகாட்டியைப் பார்த்து, படகு விலகிவிட்டது என்று நினைத்து, மறுபடி வடகிழக்குக்கு நேராக்கினார்.

சிறிது நேரம் அப்படியே போனோம். இவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

"என்னப்பா?"

"அலை பின்னாலை தூக்குது."

"அதுக்கு?"

"விடியத்தாலை வலப்பக்கமாத் தூக்கினது. இப்ப பின்னுக்குத் தூக்குது. நாங்கள் திரும்பீட்டம் போல."

நான் திசைகாட்டியைப் பார்த்தேன். "வடகிழக்குத்தான் காட்டுது. அலைதான் மாறியிருக்கும். வகுப்பிலை என்ன சொன்னவர்? உணர்வை நம்பாதேங்கோ எண்டு சொன்னவரோ இல்லையோ?"

"சொன்னவர்," என்றார்.

"நீங்கள் தலையாட்டினீங்கள்."

"ஆட்டினன் தாயே. பிடிச்சுக்கொண்டுதான் போறன்."

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் எஞ்சின் சத்தத்துக்குள் மறைந்து. பிறகு தெளிவாக. கரையில் அலை விழும் சத்தம் ஒரு சீரான இரைச்சல், இது அப்படியல்ல. இது ஓர் அடி. ஓர் இடைவெளி. பின்பு பெரிய தட்டில் இருந்து தண்ணீர் வழிவதுபோல ஒரு நீண்ட ஒலி. பாறை.

"நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினால் அலை கொண்டுபோய் அதிலைதான் போடும். பேந்து கிளப்பேலாது."

"எந்தப் பக்கம் கேக்குது?"

"எல்லாப் பக்கமும் கேக்குது, றெஜி."

மூடுபனியில் அப்படித்தான். சத்தம் எங்கிருந்தும் வரும். அவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, குனிந்து காது கொடுத்தார். அந்தக் கை இந்த நகரத்தின் மழையிலும் நெரிசலிலும் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்குக் கொண்டுபோன கை. இப்போது அதற்குப் போகும் பக்கம் தெரியவில்லை. "ஒருத்தரும் துரத்தாமல் ஒருக்கா" என்று சொன்ன மனிதர். நான் அவரை இங்கே கொண்டுவந்து சாகவிடப் போகிறேனோ என்று நினைத்தேன். திரும்பச் சொன்னால் எந்தப் பக்கம் திரும்புவது? பிழையான பக்கம் திரும்பினால் நேரே பாறையில். எங்களிடம் உண்மை சொல்லும் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது, போகிற வழி சரி என்றது.

"நீர் முன்னுக்குப் போம்," என்றார். "தண்ணி வெள்ளையாத் தெரிஞ்சாக் கத்தும்."

முன்முனைக்குத் தனியே போக எனக்குப் பயமாக இருந்தது. இதுதான் உண்மை, பக்தி என்று சொல்லமாட்டேன். செபம் சொல்லும் மணிமாலை என் பையில், அறைக்குள், எங்கோ கிடந்தது. தேட நேரமில்லை. மாதாவைச் சுற்றிய ரேப்பை நகத்தால் கிழித்து, சுரூபத்தைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னே தவழ்ந்தேன். கம்பியைப் பிடிக்க ஒரு கை, மாதாவுக்கு ஒரு கை.

முன்முனையில் முழந்தாளிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாதாவைக் கொண்டுவந்து வைத்தேன். ரேப் சுற்றினேன். நிம்மதியானேன். செபிக்கவில்லை.

மங்கள வார்த்தையைத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனேன். சின்ன வயதில் இருந்து சொன்ன செபம், மறந்துபோனேன்! பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். சத்தமாக, என் சொந்தப் பேச்சில்:

"அம்மா, எனக்குக் கரை தெரியவேண்டாம். எந்தப் பக்கம் கரை இல்லை எண்டு மட்டும் காட்டுங்கோ."

இவ்வளவுதான் என் செபம். இதைவிட நீளமாக எதுவும் சொல்லவில்லை.

பின்னால் இருந்து கத்தல் கேட்டது.

"றெஜி! திரும்புது! கம்பாஸ் திரும்புது!"

"படகைத் திருப்பினீங்களோ?"

"இல்லையடி! நான் கையை அசைக்கேல்லை! அதுவாத் திரும்பீட்டுது! வடக்குக் காட்டுது. வடக்குக்கும் அங்காலை, மேற்குப் பக்கம். நாங்கள் கரைக்கு நேரை போறம்!"

முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக என்னை 'அடி' போட்டார்.

அவர் யோசிக்கவில்லை. யோசித்து நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் அலை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, முன்னால் சத்தம் அதையே சொன்னது, இப்போது ஊசியும் அதையே சொல்கிறது. சுக்கானை முழுதாகத் தள்ளி எஞ்சினை உறுமவிட்டார். படகு சாய்ந்து வலப்பக்கம் திரும்பியது. திரும்பும்போதே நான் கண்டேன். மூடுபனிக்குள் இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேலே, கறுப்பாக, ஈரமாக, ஒரு பாறையின் தோள். அலை வடிந்தபோது அதில் ஒட்டியிருந்த பாசியைக்கூடக் கண்டேன். பச்சை அல்ல, கபில நிறம். ஒரு பந்தை எறிந்தால் அதில் பட்டுத் திரும்பி வந்திருக்கும்.

"வெள்ளை! வெள்ளை!" என்று கத்தினேன்.

"கண்டன், கண்டன்! இறுக்கிப் பிடியும்!"

அடுத்த அலை எங்களைத் தூக்கியது. பின்னால் அல்ல. வலப்பக்கம், காலையில் தூக்கியதுபோல். பாறை பனிக்குள் போனது. சத்தம் பின்னே போனது. தேய்ந்தது. நான் மாதாவை விடவில்லை. என் உள்ளங்கையில் சுரூபத்தின் அடித்தட்டு வட்டமாகப் பதிந்திருந்தது.

கிழக்கே வெகுதூரம் போனோம். ரேடியோவில் கூப்பிட்டேன். அதே பெண்குரல். பாறையைக் கண்டு திரும்பிவிட்டோம் என்றேன். மிக நல்லது அன்பே, மிக மிக நல்லது என்றார். நான் அப்போதுதான் அழுதேன்.

பனி எப்படி வந்ததோ அப்படியே போனது. ஒரு திரையை யாரோ இழுத்ததுபோல். வெயில், நீலம், பின்னால் வெள்ளை வெளிச்சவீடு, அது நிற்கும் முனை, அதைச் சுற்றி நுரை. நாங்கள் கடலில், விலகி, பத்திரமாக. இவர் தன் தொப்பியைக் கழற்றிக் காற்றில் எறிந்தார். அது கடலில் விழுந்தது. "அதையும் எடுத்துக்கொள்ளட்டும்!" என்றார்.

இதோடு முடித்தால் நீங்கள் 'அல்லேலூயா' சொல்லுவீர்கள். ஆனால் மிச்சத்தையும் எழுதாமல் விட என் பழைய தொழில் விடாது.

நியூகாசில் துறையில் கட்டியபின், நன்றி சொல்ல மாதாவைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தினேன். இவர் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும்," என்றார் திடீரென்று.

எடுத்தேன்.

"வையும்."

வைத்தேன்.

"எடும். வையும். எடும்!"

படகு கட்டையில் கட்டியபடி அசையாமல் நின்றது. மாதாவை வைக்க ஊசி ஒரு பக்கம் ஓடியது. எடுக்க, திரும்பி வந்தது. சுரூபத்தைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் வட்டமாக, கறுப்பாக, காந்தம். காரின் முன்தட்டில் நிற்க வைத்திருந்த காந்தம். அடுப்பில் 'டக்' என்று ஒட்டியபோது என் மண்டையில் ஏறாத காந்தம்.

இவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எங்கட அப்பு ஏன் முன்முனையிலை வைச்சவர் எண்டு இப்ப விளங்குது."

"அந்தக் காலத்திலை மாதாவுக்குக் காந்தம் இல்லையப்பா," என்றேன்.

செபக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது புளோறா அன்ரி மூக்கில் விரல் வைத்தார். "அப்ப பிழையான வழி காட்டினதும் மாதாவோ பிள்ளை?"

"இல்லை அன்ரி," என்றார் இவர். "பிழையா வைச்சது இவ. மாதா பாவம், வைச்ச இடத்திலை நிண்டவ."

வாசலில் ஓர் இளைஞர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: அப்படியென்றால் அது காந்தம்தானே அன்ரி, அற்புதம் இல்லையே? நல்ல கேள்வி. என் பழைய ஆசிரியபீடத்தில் நானே கேட்டிருப்பேன். ஊசி ஏன் திரும்பியது என்று எனக்குத் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆனால் நான் ஏன் அந்த நேரத்தில் கையை நீட்டினேன்? ரேப்பை இறுக்கிச் சுற்றியவள், அதைக் கிழித்து எடுக்கும் யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாறை. நான் பயந்து மாதாவைத் தூக்கியது தற்செயல் என்று நீங்கள் எழுதலாம். நான் வெட்டமாட்டேன். ஆனால் 'என்று அவர் கூறினார்' என்று சேர்த்துக்கொள்வேன்.

எனக்குத் தெரிந்தது இது. அந்த அன்னை கல்லாகவும் காந்தமாகவும் நின்றபோது நான் அவரை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கையில் எடுத்து, வாயைத் திறந்து கேட்டபோது, கேட்டதை அப்படியே தந்தார். கரையை அல்ல. கரை இல்லாத பக்கத்தை.

அன்றில் இருந்து என் செபம் மாறிவிட்டது. வீட்டில் சுரூபத்துக்கு முன்னால் மின்விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிய காலம் முடிந்தது. இப்போது நின்று கேட்கிறேன். சின்னதாக, தெளிவாக, எனக்கு என்ன வேண்டுமோ அதை. வியாழக்கிழமைகளில் நான் முன்வரிசைக்கு வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

மின்சாரப் பகுதியைத் திருத்தி, மேலும் வடக்கே போனோம். போர்ட் ஸ்டீபன்ஸில் டொல்பின்கள் எங்களைத் துறைக்குள் கூட்டிப்போயின. இந்தக் குளிர்காலத்தில் குயின்ஸ்லாந்து வரை போக நினைத்திருக்கிறோம். மகள் இப்போது எதிர்க்கவில்லை. இரண்டு சார்ஜ் பெட்டிகளும், இவருக்குக் கழுத்தில் தொங்கவிடும் நீர் புகாத பை ஒன்றும் அனுப்பியிருக்கிறாள். தொப்பிக்கு ஒரு நாடாவும்.

உங்களில் யாரேனும் இப்போது மூடுபனிக்குள் நிற்கிறீர்கள் என்றால், நோயோ, விசாவோ, பிள்ளையின் பிரச்சினையோ, எனக்குத் தெரியாது, இதைச் செய்து பாருங்கள். முழு வழியையும் கேட்காதீர்கள். அடுத்த திருப்பத்தைக் கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள், உங்கள் சொந்தப் பேச்சில். செபம் பாதியில் மறந்தாலும் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.

மாதா இப்போது படகின் முன்முனையில் நிற்கிறார், இவர் முதலிலேயே கேட்ட இடத்தில். அலை அடிக்கும்போது நனைகிறார். காலையில் புறப்பட முன் நான் அங்கே போய் முழந்தாளிட்டு, அதே ஒரு வரியைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் பின்னால் இருந்து இவர் கூப்பிடுகிறார்:

"கேட்டாச்சோ?"

"ஓம், கேட்டாச்சு."

"அப்ப வெளிக்கிடுவம்."

வெளிக்கிடுகிறோம்.